லீடர், செருப்பு பெட்டி, மினிட் புக்

லீவுக்கு தக்கலை வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சு. நேத்து சாயந்திரம் திண்ணைல மைனி கூட உக்காந்து பேசிட்டிருந்தப்ப வந்த பேச்சு தான் இது.

நான் படிக்கப்ப கிளாஸ் லீடர்னா சாரு கை காட்டுற பிள்ளை தான். சாரு இல்லாத நேரம் பேசினவங்க பேர போர்டுல எழுதணும், திரும்பவும் பேசினா பக்கத்துல ஒரு இன்டு, அவ்வளவு தான் லீடர் வேலை. ஒருநா பக்கத்துல இருந்தவகிட்ட பென்சில் கேட்டதுக்கு என் பேரு விழுந்துச்சு, அடி கிடைச்சுது. "பென்சில் தான் சாரே கேட்டேன்"னு சொல்ல வாய தொறந்ததுக்கு இன்னொரு அடி. அந்த ரெண்டாவது அடிய நான் இன்னும் மறக்கல.

பெர்லின் போயி மூணு வருஷம் ஆச்சு, மக இப்ப ஏழாங்கிளாஸ். அங்க லீடர பிள்ளைங்களே ஓட்டு போட்டு தான் எடுக்காங்க, கிளாசன்ஷ்ப்ரெஹர்னு சொல்லுவாங்க. சீட்ட நாலா மடிச்சு ஒரு செருப்பு பெட்டில போட்டாங்களாம், ஒருத்தன் பிரிச்சு வாசிக்க ஒருத்தி போர்டுல கோடு போட்டாளாம், நாலு கோடு நேரா, அஞ்சாவது குறுக்க. மகளுக்கு ஆறு ஓட்டு, தோத்துட்டா. நான் சமாதானம் சொல்ல போனா, "அம்மா, டாய்லெட்ல சோப்பு இல்லன்னு நான் சொன்னத ஜெயிச்சவன் லிஸ்ட்ல சேத்துக்கிட்டான்"ங்கா, முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

பெர்லின்ல ஹைஸ்கூல்ல ஷூல்கான்ஃபெரென்ஸ்னு ஒரு சபையும் இருக்கு, டீச்சர்மார் 4 பேரு, பெற்றோர் 4 பேரு, பிள்ளைங்களும் 4 பேரு, எல்லாருக்கும் ஓட்டு உண்டு. ஸ்கூல் விதிமுறை மாதிரி காரியங்கள் அங்க தான் முடிவாகுது. பதிமூணு பதினாலு வயசு பிள்ளை ஹெட்மாஸ்டர் இருக்க டேபிள்ல உக்காந்து கை தூக்குகதுன்னா சும்மாவா!

மைனி எல்லாத்தையும் கேட்டுட்டு, "நானும் இங்க பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கேன், போனா கூட்டத்துல பேசினத எழுதி வைக்க மினிட் புக்குல கையெழுத்து போட சொல்லுகாவ, போட்டுட்டு வாறேன்"னாவ. எனக்கு சங்கடமா போச்சு. ஏன்னா 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இது தெளிவா இருக்கு, குழுல முக்கால்வாசி பேரு பெற்றோரா இருக்கணும், பாதி பேரு பொம்பளைங்களா இருக்கணும், பள்ளிக்கூட வளர்ச்சித் திட்டம் போடுகதே இவங்க வேலை, அரசாங்கம் குடுக்க பணம் எப்படி செலவாகுதுன்னு பாக்கவும் உரிமை உண்டு. நம்ம கைல இருக்கத நாமளே தெரிஞ்சுக்காம இருக்கோமேன்னு தான் ஆதங்கம். இதெல்லாம் மைனிகிட்ட ஒண்ணுவிடாம சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அப்போ அந்த மினிட் புக்க வாசிக்க கேட்டா தரணும் இல்லியா?"ன்னு கேட்டாவ.

வெள்ளிக்கிழமை கூட்டம். மைனி கண்ணாடி எடுத்துட்டு போறாவ.