ரத்தான காசி யாத்திரையும் கடன் அட்டையில் கட்டிய பணமும்

செப்டம்பர் 2, 2025

மாளய அமாவாசையன்று கயாவில் இருக்கும்படி ஏற்பாடாகியிருந்த காசி யாத்திரை, போதிய ஆட்கள் சேராததால் ரத்து செய்யப்படுவதாக நேற்றிரவு ஏற்பாட்டாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அம்மா, அத்தை, மனைவி, நான் என நால்வருக்கும் தலைக்கு ரூ. 27,500 வீதம் ரூ. 1,10,000 ஜூன் மாதமே கடன் அட்டையில் கட்டியாயிற்று. காலையில் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள அவர்களது அலுவலகத்துக்குப் போனபோது, "பங்குனியில ஒரு குரூப் போகுது சார், அதுல உங்களைச் சேத்துவிட்டுர்றேன்" என்றார் அங்கிருந்தவர். பணத்துக்குப் பதிலாக இன்னொரு பயணத்தை ஏற்றுக்கொண்டால் பிற்பாடு வங்கியிடம் கேட்பதற்கு நமக்கு வழக்கே இருக்காது. ஆகவே பங்குனிப் பயணம் வேண்டாம் என்றும், முழுத் தொகையையும் அதே அட்டைக்கு ஒரு வாரத்துக்குள் திருப்ப வேண்டும் என்றும் வீட்டுக்கு வந்ததும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 10

பதில் இல்லை. சிம்மக்கல் வங்கிக் கிளையில், அட்டைப் பிரிவு தனி என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணில் பேசிய பெண், புகாரைக் கேட்டதும் "கார்டை பிளாக் பண்ணட்டுமா சார்?" என்றார். இதில்தான் கவனம் வேண்டும். இது மோசடிப் புகார் அன்று. பணம் கட்டியது நான்தான், அதற்குரிய சேவைதான் கிடைக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு தலைப்பில் பதிவாக வேண்டியவை. மோசடி என்று பதிவாகிவிட்டால், பணம் கட்டியது அட்டைதாரரே என்று கண்டறிந்ததும் கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிட வாய்ப்புண்டு. விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்புகளில் இத்தகைய சார்ஜ்பேக் (அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும்) கோரிக்கைக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. பின்னொரு நாளில் கிடைக்க வேண்டிய சேவையாக இருந்தால், பணம் கட்டிய நாளிலிருந்து அன்றி அந்தச் சேவை நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே அது கணக்கிடப்படும்.

அட்டைக் கணக்குப் பட்டியலில் ஏற்பாட்டாளரின் பெயர், அலுவலகப் பலகையில் உள்ளபடி இல்லாமல் உரிமையாளரின் வேறொரு நிறுவனப் பெயரில் இருந்ததால், ரசீதையும் பட்டியலையும் சேர்த்து வைத்து, இரண்டும் ஒரே தொகை, ஒரே தேதி என்று விளக்கி எழுத வேண்டியிருந்தது. அட்டை தேய்ப்பதற்கு 2 சதவீதம் என்று ரொக்கமாக வாங்கிக்கொண்ட ரூ. 2,200 இந்த வழியில் வராது. அட்டையில் அதற்குத் தடமே இல்லை.

செப்டம்பர் 21

அமாவாசை. கயாவுக்குப் பதில் திருப்புவனத்தில் வைகைக் கரையில் திதி கொடுத்தோம். தொகை தற்காலிகமாக வரவு வைக்கப்பட்டிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்துள்ளது. விசாரணை நமக்கு எதிராக முடிந்தால் மறுபடியும் பற்று வைத்துவிடுவார்கள் என்பதால் அதைத் தொடுவதாக இல்லை.

அக்டோபர் 16

ஏற்பாட்டாளர் மறுப்புத் தெரிவித்திருக்கிறார். என் வங்கி, அட்டை வலையமைப்பின் வழியாக அவருடைய வங்கியிடம் கேட்கிறது. அவருடைய வங்கி அவரிடம் கேட்கிறது. அவர் தரும் ஆவணம் அதே வழியில் திரும்பி வருகிறது. வந்தது ரசீதின் பின்பக்கம்: "பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பத் தரப்படாது." யார் ரத்து செய்தால் என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை; அதை வசதியாக என் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். விமான நிறுவனத்திடம் பணம் மாட்டிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் நால்வர் பெயரிலும் பயணச்சீட்டு எடுத்ததற்கான ஒரு தாள்கூட இணைக்கப்படவில்லை. ரத்து செய்தது அவர்களே என்பதற்கு அவர்களுடைய வாட்ஸ்அப் செய்தியையும், மாற்றுப் பயணத்தை நான் மறுத்ததற்கு என் மின்னஞ்சலையும், தேதி தெரியும்படி படமெடுத்து, அரைப் பக்கத்துக்கு மிகாத விளக்கத்துடன் வங்கிக்கு அனுப்பினேன். கோபத்தை நீக்கிவிட்டு எழுத மூன்று வரைவுகள் தேவைப்பட்டன. வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றி முறையிடலாம் என்பதால், புகார் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 27

கோரிக்கை எனக்குச் சாதகமாக முடிந்து, வரவு நிரந்தரமாகிவிட்டது. ஜூன் மாதச் செலவுக்கான பாக்கியை ஜூலையிலேயே செலுத்திவிட்டதால், இப்போது அட்டையில் வங்கிதான் எனக்குக் கடன்பட்டிருக்கிறது. அதை அங்கேயே விட்டுவைத்தால் மாதாமாதம் செலவில் கரைந்துபோகும். அட்டையில் உள்ள உபரித் தொகையை அட்டைதாரர் கேட்டால் 3 வேலை நாட்களுக்குள் அவருடைய வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு கடன் அட்டை நெறிமுறைகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டே விண்ணப்பித்தேன்.

டிசம்பர் 2

ரூ. 1,10,000 சேமிப்புக் கணக்குக்கு வந்துவிட்டது. அத்தையின் பங்கான ரூ. 27,500-ஐ மாலையில் செல்லூரில் அவர் கையில் கொடுத்தேன். பங்குனியில் ஒரு குழு போகிறதாமே என்று கேட்டார்.