கோத்தும் ஒரு 'ஆ' விகுதியும்

ஏப்ரல் 9
ஹல்வ்டன் கோத் பெயர் அடிபடுவதெல்லாம் 1940இல் இதே நாளுக்காகத்தான். விடியுமுன், விளக்கணைந்த ஒஸ்லோவில், ஜெர்மன் தூதர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீட்டிய நிபந்தனைகளை நோர்வே அரசு ஏற்கவில்லை என்று சொன்ன வெளியுறவு மந்திரி. மந்திரியானது 1935இல், அதற்கு முன் கால் நூற்றாண்டு வரலாற்றுப் பேராசிரியர். மொழிக்காக அவர் பட்ட பாடு யாருக்கும் நினைவில்லை.

மே 12
நோர்வேஜியனின் இரண்டு எழுத்துமொழிகளுக்கும் சம அந்தஸ்து என்று 1885இல் நாடாளுமன்றம் தீர்மானித்த நாள். ஒன்று டேனிஷிலிருந்து வந்தது, இன்றைய பூக்மோல். மற்றது மொழியறிஞர் ஈவர் ஓசன் கிராமத்து வழக்குகளிலிருந்து தொகுத்தது, இன்றைய நீநோர்ஸ்க். இரண்டாவதற்கான சங்கத்துக்கு 1921 முதல் 1925 வரை கோத்தான் தலைவர். தொழிற்கட்சிக்காரர் அல்லவா, கணக்கையே மாற்றிப் போட்டார்: டேனிஷ் வாடை மேட்டுக்குடியுடையது, நகரத் தொழிலாளி பேச்சும் உழவர் பேச்சும் நெருக்கமானவை. ஆகவே இரண்டையும் மக்கள் பேச்சின் மேல் ஒன்றாக்கலாம். அதற்குப் பெயர் சம்நோர்ஸ்க், பொது நோர்வேஜியன்.

மே 14
1938 எழுத்துச் சீர்திருத்தம் போனது அந்த வழியில்தான். 'நூ' (இப்போது) 'நோ' ஆனது. 'எஃப்தர்' (பிறகு) 'எத்தர்' ஆனது. இவை பெரிதாக உறுத்தவில்லை. உறுத்தியது இலக்கணத்தில் பெண்பாலாகக் கொள்ளும் பெயர்ச்சொல்லின் ஈறு. 'சூலென்' (சூரியன்) என்று எழுதியவர்கள் 'சூலா' என்று எழுத வேண்டும். பல சொற்களில் 'ஆ' கட்டாயம். சொற்பட்டியலில் சதுர அடைப்புக்குள் நின்ற வடிவத்தை மாணவர் எழுதினால் பிழையில்லை. பாடநூலில் அச்சிடத்தான் கூடாது.

கணக்கு பிசகியது பெர்கனில். அந்த ஊர்ப் பேச்சில் பெண்பாலே தனியாக இல்லை. கப்பல் துறைத் தொழிலாளியும் 'சூலென்' என்றுதான் சொல்வார். 'ஆ' என்றால் உழைப்பாளி, 'என்' என்றால் கனவான் என்ற சூத்திரம் ஒஸ்லோவுக்குப் பொருந்தும், நாட்டின் இரண்டாவது பெரிய நகரத்துக்குப் பொருந்தாது. வரலாற்றாசிரியருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

டிசம்பர் 12
1965இல் கோத் இறந்த நாள். அதற்குள் அவர் திட்டம் அடிவாங்கியிருந்தது. 1950களில் ஒஸ்லோப் பெற்றோர் பேனாவோடு உட்கார்ந்து பிள்ளைகளின் பாடநூலில் 'சூலா'வை அடித்து 'சூலென்' எழுதினார்கள். சம்நோர்ஸ்க் கொள்கையை அரசு கைவிட்டது 2002இல். அந்த அடைப்புக்குறிகளும் 2005இல் பூக்மோலிலிருந்தும் 2012இல் நீநோர்ஸ்கிலிருந்தும் போய்விட்டன. பூக்மோலில் இன்று 'சூலா'வும் சரி, 'சூலென்'னும் சரி.