கல்லில் இல்லாத பிளாட்டில்லா

ரோமில் டைபர் ஆற்றுக்கு அருகே, வெலாப்ரோ பகுதியில், சான் ஜோர்ஜோ தேவாலயத்தின் சுவரோடு ஒட்டி நிற்கும் சிறிய வாயிலை நான் தேடிப் போனதற்கு ஒரே காரணம், அதைக் கட்டியவர்கள் காசுக்கடைக்காரர்கள் என்பதுதான். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் குடும்பத்தைப் போற்றி, கி.பி. 204இல் அந்தச் சந்தையின் காசுக்கடைக்காரர்களும் மாட்டு வணிகர்களும் சேர்ந்து அதை எழுப்பினார்கள்.

உட்புறத்தில் எதிரெதிரே இரு புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. ஒன்றில் செவெரஸும் அவர் மனைவி யூலியா டொம்னாவும் நிற்க, இளைய மகன் கெட்டா இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. மற்றொன்றில் மூத்தவன் காரக்கல்லா தனித்து நிற்கிறான். அவனருகே இருந்த மனைவி பிளாட்டில்லாவையும் மாமனார் பிளாட்டியானஸையும் உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். 202இல் மணமான அவள், 205இல் தந்தை கொல்லப்பட்டதும் நாடு கடத்தப்பட்டாள். 211இல் செவெரஸ் மறைந்த பிறகு, கணவனின் ஆணைப்படியே கொல்லப்பட்டாள். கம்பி வேலிக்கு வெளியே நின்று அந்த வெற்றுக் கல்லையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு, எனக்குத் தங்க இடம் தந்த நண்பர் தம் நாணயப் பெட்டியைத் திறந்தார். முதலில் வந்தவள், 140இல் இறந்து தெய்வமாக்கப்பட்ட பேரரசி மூத்த ஃபௌஸ்டினா. அவளுக்காக எழுப்பிய கோயிலின் தூண்களை, பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் மதியம்தான் பார்த்திருந்தேன்; கணவரான பேரரசர் அந்தோனினஸ் பயஸ் அவள் நினைவாக அடித்த வெள்ளிக் காசுகளோ இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அடுத்து, 'படைமுகாம்களின் தாய்' என்ற பட்டம் பெற்ற டொம்னா. கடைசியாக, தெனாரியஸ் எனப்படும் ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

அது பிளாட்டில்லா. நம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிய காசு. எடை மூன்று கிராம் அளவுதான் இருக்கும். செவெரஸ் காலத்தில் கலப்படம் மிகுந்து வெள்ளி ஏறத்தாழப் பாதியாகிவிட்டிருந்தாலும், அலையலையாக வாரி முடிந்த கூந்தலும் இளம் முகமும் தெளிவாகவே பதிந்திருந்தன. மறுபக்கத்தில் கணவனும் மனைவியும் கைகோத்து நிற்க, சுற்றிலும் 'பேரரசின் வழித்தோன்றல்' என்று பொருள்படும் லத்தீன் எழுத்துகள். அவன் அவளை வெறுத்தான் என்று அக்காலத்து வரலாற்றாசிரியரான காசியஸ் டியோவே எழுதியிருக்கிறார். அக்கசாலைக்கு அதைப் பற்றி என்ன கவலை? வாரிசு வரும் என்று மக்களுக்குச் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

வாயிலுக்கு உளியோடு ஓர் ஆளை அனுப்பினால் போதும். சம்பளமாகவும் விலையாகவும் கைமாறி, மாகாணம் மாகாணமாகச் சிதறிவிட்ட வெள்ளியை யார் போய்த் திரட்டுவது? நண்பர் நீட்டிய உருப்பெருக்கியால் மறுபக்கத்தை மீண்டும் பார்த்தேன். கைகோத்து நின்ற இருவரில் காரக்கல்லாவின் முகம்தான் முற்றிலும் தேய்ந்திருந்தது.