தட்டம்மைக் கட்டத்தைத் தேடி ஏமாந்த கதை

பொதுச் சுகாதார முதுகலையில் எங்களுக்கு வரலாற்றுத் தாள் ஒன்று உண்டு. அதற்கான ஆய்வுக் கட்டுரைக்கு இருபதாம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்தை எடுத்தேன். சோம்பல்தான் காரணம். லண்டன் பகுதிகளின் சுகாதார மருத்துவ அதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளை வெல்கம் நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறது, வீட்டிலிருந்தே படித்துவிடலாம்.

முதல் வாரமே சறுக்கினேன். 1910ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றின் தொற்றுநோய் அட்டவணையில் பெரியம்மை, தொண்டை அடைப்பான், ஸ்கார்லெட் காய்ச்சல் எல்லாம் இருந்தன. தட்டம்மையைக் காணோம். 'தட்டம்மை கட்டுக்குள் இருந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் சில பக்கம் புரட்டி, இறப்பு அட்டவணையில் விரலை வைத்தார். தட்டம்மையால் இறந்த குழந்தைகள் அங்கே இருந்தார்கள்.

விஷயம் இதுதான். 1889ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட நோய்களைக் கண்டால் டாக்டர் அதிகாரிக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். தனியார் நோயாளி என்றால் சீட்டுக்கு இரண்டரை ஷில்லிங் கூலி. 1899இல் இது நாடு முழுவதும் கட்டாயமானது. நான் பார்த்த தொற்றுநோய் அட்டவணை அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கைதான். தட்டம்மை அந்தப் பட்டியலில் இல்லை. 1916இல் சேர்த்து, 1919 முடிவில் நாடு தழுவிய கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

எனவே அட்டவணையைத் தொடும் முன் எந்த நோய் எந்த ஆண்டு பட்டியலுக்குள் வந்தது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நுரையீரல் காசநோய் எல்லா நோயாளிகளுக்கும் 1912இல்தான் வந்தது. அந்த ஆண்டு எண்ணிக்கை எகிறுவதைப் பார்த்து நோய் பரவியது என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. 1918 இன்ஃப்ளூயன்சாவை இந்தப் பட்டியலில் தேடவே வேண்டாம். நேராக இறப்புப் பக்கத்துக்குப் போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1911தான். இங்கிலாந்து, வேல்ஸில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் 1910இல் 105, 1911இல் 130, 1912இல் 95. நடுவில் இருந்தது கொளுத்திய கோடை. வயிற்றுப்போக்கு குழந்தைகளை அள்ளிக்கொண்டு போனது. சில அறிக்கைகளில் நாலடி ஆழத்து மண்ணின் வெப்பநிலையை வாரவாரியாகக் குறித்திருப்பார்கள். இது எதற்கு என்று முதலில் சிரித்தேன். அந்த ஆழத்தில் 56 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டதும் வயிற்றுப்போக்குச் சாவு ஏறும் என்று மருத்துவர் எட்வர்ட் பாலர்ட் முன்பே சொல்லியிருந்தார். மண்தான் காரணம் என்ற அவர் எண்ணம் நிற்கவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த இறப்புப் பத்தியோடு ஒப்பிட்டு நானே கிராஃப் போட்ட அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தேடும்போது ஒன்று: காசநோய்க்கு இன்றைய ஆங்கிலப் பெயரை மட்டும் தட்டாதீர்கள். அன்று 'தைசிஸ்' (phthisis) என்றுதான் பெரும்பாலும் எழுதினார்கள். டைபாய்டுக்கு 'என்டெரிக்' (enteric). இது தெரியாமல் நான் இரண்டு நாளை வீணடித்தேன்.