பெயரைப் பூட்டுங்கள், ஐஸைப் பகிருங்கள்

இறந்தவரைப் பிற்காலத்தில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் உடலைக் கடுங்குளிரில் வைப்பதுதான் உடல் உறைநிலைக் காப்பு. இதில் போட்டி நிறுவனத்து ஆட்களோடு எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது? அமெரிக்க நிறுவனங்களான அல்கோர் (1972), கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் (1976) இரண்டுக்கும் போட்டி இருக்கட்டும். ரஷ்யாவில் இதே வேலை செய்யும் கிரியோரஸ் நிறுவனம் பிளவுபட்டு, 2021இல் உடல்களிருந்த கொள்கலன்களையே லொறியில் ஏற்றினார்களே, அதுதான் கொடுமை.

மட்டக்களப்பு வெயிலில் எந்த நிறுவனம் என்பதைவிட முதல் சில மணித்தியாலம்தான் முக்கியம். மரணம் உறுதியானதும் தலை, கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கில் நொறுக்கிய ஐஸைத் தண்ணீர் கலந்து வையுங்கள். வெறும் கட்டி ஐஸ் தோலில் சரியாகப் படாது. இடையில் காற்று நின்று குளிர் மெதுவாகத்தான் இறங்கும். மீனுக்கு எடுக்கும் ஐஸே போதும். உடலை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுநாயக்கா விமான நிலையம் போக வேண்டும், அது தூரம், வழியில் ஐஸ் உருகும். மாற்ற ஐஸ் வேண்டும். இதில் போட்டி நிறுவனத்து ஆளும் கைகொடுக்கலாம்.

ஆனால் அவர்களிடம் உங்கள் உறுப்பினர் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஊருக்குள் கசிந்தால் செத்த வீட்டிலேயே சண்டை வரும். முதலில் உறுப்பினர் எண் மட்டும். பெயரும் நோய் விபரமும், அந்த உறுப்பினர் எழுத்தில் சம்மதித்திருந்தால், அவசரத்தில் மட்டும்.