புள்ளிக் கணக்கு

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் அளவைப் புள்ளியில்தான் சொல்வார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் அவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கோயில் வரி புள்ளிக் கணக்கில் வாங்கப்படும். கோயிலிலிருந்து மாலை வந்து, தாலி கட்டும் திருப்பூட்டி முடிந்த அன்று கணவனும் மனைவியுமாக ஒரு புள்ளி ஆகிறார்கள். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. திருமணம் ஆகாதவனுக்கு எத்தனை வயதானாலும் தனிப் புள்ளி கிடையாது. எனக்கு 42 வயதாகிறது. பதின்மூன்று ஆண்டுகளாக ஓர் ஆணுடன் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் வாழ்ந்துவருகிறேன். எங்கள் வீட்டில் நடந்தவை எல்லாம் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் பள்ளியில் படித்த காலத்தில் என்னைப் போன்றவனைக் குறிக்க நான் கேட்டிருந்த சொற்கள் எல்லாம் வசைச்சொற்கள்தாம். தன்பாலீர்ப்பு என்ற சொல்லை முப்பது வயதை நெருங்கும்போதுதான் படித்தேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, 2009 ஜூலையில், மெஸ்ஸில் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தியை நாளிதழில் கண்டேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிடுவாரோ என்று தாளை மடித்து விளையாட்டுப் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டேன். அதுவரை நான் குற்றவாளி என்பதே எனக்குத் தெரியாது; இனி இல்லை என்பதையும் அதையும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டேன். 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது என் இணையரும் நானும் ஒன்றாக வாழத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வந்திருந்த ஜாதகங்களை ஆத்தா எடுத்து வைத்தார் (எங்களில் அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும் தாத்தாவை ஐயா என்றும் கூப்பிடுவோம்). அதற்கு மேல் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டுக் கூடமான பட்டாலையில் அப்பச்சியும் ஆத்தாவும் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டே சொன்னேன். அப்பச்சி சத்தம் போடவில்லை. வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப தம்பிக்கு எப்படிப் பொண்ணு பாக்குறது?" மூத்தவன் இருக்க இளையவனுக்கு முடித்தால் நாலு பேர் காரணம் கேட்பார்கள், காரணம் தெரிந்தால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அவர் கேட்டது கல்நெஞ்சத்தால் அன்று என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு, என்னைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

பிறகு மதுரையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். ஆறே மாதத்தில் சரியாகிவிடும் என்று அவர் அப்பச்சியிடம் உறுதி சொன்னார். நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பகலெல்லாம் தூக்கம், கையில் நடுக்கம், அலுவலகத்தில் கையெழுத்துக்கூட ஒழுங்காக வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990-இல். அப்போது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். இல்லாத நோய்க்கு மருந்து எழுதிக் கொடுத்தவர்மீது எனக்கு இருக்கும் கோபம் அப்பச்சிமீது இல்லை. அவர் படித்தவரை நம்பினார்.

2015-இல் தம்பிக்குத் திருமணம் நிச்சயமானது. நான் வெளிநாட்டில் இருப்பதாகப் பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தார்கள். அழைப்பிதழ்க் கட்டுகள் அச்சகத்திலிருந்து வந்து பட்டாலையில் இறங்கிய நாளில், முன்னறிவிப்பு இல்லாமல் நான் ஊருக்கு வந்திருந்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவதற்காக ஆத்தா கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருந்தார். மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஐயா, அப்பத்தா பெயரும் அப்பச்சி, ஆத்தா பெயரும் இருந்தன. ஆச்சி பெயர், அத்தான் பெயர், அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தையின் பெயர் வரை இருந்தன (எங்களில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்). என் பெயர் இல்லை. வரிகளுக்கு இடையே இடைவெளிகூட விடாமல் அச்சுக் கோத்திருந்தார்கள். அங்கே ஒருவன் இருந்தான் என்று பார்த்தால் தெரியாது. ஆத்தா ஒன்றும் சொல்லாமல் அதை என் கையிலிருந்து வாங்கி, மூலைக்கு மூலை மஞ்சளைத் தொட்டு வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அவர் விரல் என் கட்டைவிரலில் பட்டு ஒட்டிய மஞ்சளைச் சென்னை போய்ச் சேரும்வரை நான் கழுவவில்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், அடிபட்டவர்கள், பூட்டி வைக்கப்பட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நேர்ந்ததோடு என்னுடையதை ஒப்பிட மாட்டேன். ஆனால் ஒருவனை ஒரு சுடுசொல் சொல்லாமலும் வீட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்பதை அன்று கண்டேன்.

அதன் பிறகு ஆறு ஆண்டுகள் நான் ஊருக்குப் போகவில்லை. ஆத்தா மட்டும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எவர்சில்வர் சம்படத்தில் மணகோலமும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வைத்து, மூடியைத் துணியால் கட்டி, சென்னை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். வந்து சேர்ந்ததா என்று போனில் கேட்பார். எப்படி இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்ற கேள்விகளை இருவருமே சுற்றிக்கொண்டு போய்விடுவோம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவில் எங்களைக் குற்றவாளிகளாக்கிய பகுதியை ஒருமனதாக நீக்கியபோது முதலில் அழைத்தது ஆச்சி. இரண்டு நிமிடம் அழுதுவிட்டு வைத்துவிட்டாள்.

ஆத்தாவை அசைத்தது அந்தத் தீர்ப்பு இல்லை. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வந்த தீர்ப்புதான். பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கு முழுமையாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பை எழுதினார். எங்களைப் போன்றவர்களை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்கும் அதில் தடை விதித்தார். அவருடைய தொடர் உத்தரவுகளின் விளைவாகவே, எங்களைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களை 2022-இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. 2021-இல் தீர்ப்பு வந்தபோது ஆச்சி அந்தச் செய்தியை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அன்று இரவு ஆத்தா என்னை அழைத்தார். "ஜட்ஜே எனக்குத் தெரியலைன்னு சொல்லிப் படிச்சுக்கிட்டாராமே, ஐயா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு யாரு சொல்லிக் கொடுப்பா?" என்று கேட்டார். நாங்கள் பேசி முடிக்க நள்ளிரவு ஆகிவிட்டது. மதுரை மருத்துவரைப் பற்றிக் கேட்டார், மாத்திரையைப் பற்றிக் கேட்டார்; கடைசியில், "அவுகளுக்கு என் பலகாரம் பிடிக்குமா?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக அவர் அனுப்பியதில் பாதியைச் சாப்பிட்டவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்பச்சி கடைசிவரை அவரைப் பற்றிப் பேசவில்லை. 2022-இல் அப்பச்சி காலமானார். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்திருந்தார். அதற்கு மேல் அதில் பொருள் தேட எனக்கு விருப்பம் இல்லை.

ஆண்டுத் திதிக்கு ஆத்தா எங்கள் இருவரையும் சேர்த்தே வரச் சொன்னார். பங்காளிகள் வந்திருந்தார்கள். உள்முற்றமான வளவில் இலை போட்ட நேரத்தில், மூத்த பங்காளி ஒருவர் என் இணையரைக் காட்டி, "இவுக யாரு ஆச்சி?" என்று ஆத்தாவிடம் கேட்டார். அறிந்துகொண்டே கேட்ட கேள்வி. ஆத்தா நீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரவுக ஒம்போது வயசுல மஞ்சத்தண்ணி குடிச்சு இந்த வீட்டுக்கு வந்தவுக. வந்த பிள்ளையாலதான் இந்த வீடு நின்னுச்சு. இதுவும் வந்த பிள்ளைதான். உட்காருங்க, சாப்பிடுவோம்."

அப்பச்சி தேவகோட்டையில் பிறந்து எங்கள் ஐயாவுக்குப் பிள்ளை கூட்டப்பட்டவர். வாரிசு இல்லாத வீட்டுக்குப் பிள்ளை கூட்டுவது செட்டிநாட்டில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். பிறந்த வீட்டிலிருந்து கூட்டி வந்து, மஞ்சள் நீர் குடிக்க வைத்து, அன்றிலிருந்து அவன் இந்த வீட்டு மகன் என்று ஊரே ஏற்றுக்கொள்ளும். இரத்தத்தால் வராத உறவை முடிவெடுத்து உண்டாக்கிக்கொள்ள எங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நான் சட்டத்திலும் அறிவியலிலும் தேடிக்கொண்டிருந்த வாதத்தை, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் ஆத்தா எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே எடுத்துப் போட்டார். அந்தப் பங்காளி உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு எங்களோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. தம்பி மனைவியும் இன்றுவரை என் இணையர் இருக்கும்போது பட்டாலைக்கு வருவதில்லை.

2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் எங்களுக்குத் திருமண உரிமை இல்லை என்றது. இணையராகச் சேர்ந்து தத்தெடுக்கவும் முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் சொன்னார்கள். பிள்ளை கூட்டி வளர்ந்த வீட்டில் பிறந்த எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. 2025 மே மாதம், பெற்றோரால் வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியில்லை என்றும் தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றும் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கூறினார்கள். அதை ஆத்தாவுக்கு நானே படித்துக் காட்டினேன். "இதைத்தானே நான் சொன்னேன்," என்றார்.

கோயில் கணக்கில் நான் இன்னும் புள்ளி இல்லை. ஆத்தா அரைப்புள்ளி, நான் அதற்குள்.

போன மாதம் பஸ்ஸில் வந்த பெட்டி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. எனக்குத் திருமணம் ஆகும்போது கொடுக்க என்று நான் கல்லூரியில் படிக்கும்போதே ஆத்தா வாங்கி, முகப்பு அறையில் துணி சுற்றி வைத்திருந்த பித்தளைத் தவலை உள்ளே இருந்தது. எங்களில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வழக்கம். அதன் கழுத்தில் வீட்டை அடையாளம் காட்டும் முதலெழுத்துகளான விலாசமும் அதையடுத்து என் பெயரும் முன்பே வெட்டியிருந்தன. அந்த எழுத்துகள் மங்கியிருந்தன. பக்கத்தில் புதிதாக, வெட்டிய இடம் இன்னும் பளபளக்க, என் இணையர் பெயர். வெட்டியவர் ஒரு துணைக்காலை விட்டுவிட்டார். கடையில் கொடுத்துச் சரிசெய்து தரவா என்று ஆத்தா போனில் கேட்டார்; வேண்டாம் என்று என் இணையர் சொல்லிவிட்டு, தவலையில் அரிசியைக் கொட்டி அடுப்படியில் வைத்தார்.