தங்கச்சி ஜெர்மனி போகிறாள்: செப்டம்பர் குறிப்புகள்

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு
கானாடுகாத்தான்

இன்று ராத்திரி சந்திர கிரகணம் என்று பொழுது சாய்வதற்குள் சோறு போட்டு முடித்துவிட்டார்கள். மிச்சப் பொழுது முழுக்கச் சித்தப்பா மகளின் பெட்டிப் பஞ்சாயத்து. முதுகலை படிக்க ஜெர்மனி போகிறாள், 26ஆம் தேதி ராத்திரி சென்னையில் விமானம். நான்கு வருஷமாக அங்கே இருக்கிறவன், லீவில் வந்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

அப்பத்தா ஒரு தூக்கு நெய் எடுத்து வைத்திருந்தது. நெய் கூடாது. பால்கோவா கூடாது. வெளியிலிருந்து பால், இறைச்சிப் பண்டம் எதையும் ஐரோப்பிய யூனியனுக்குள் விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். "கறிவேப்பிலைக்குமாடா சட்டம்?" என்றது. காயவைத்துப் பொடியாக அரைத்துக் கொடுங்கள் என்று சமாதானம் பண்ணினேன். சீப்புச்சீடைக்கும் தேன்குழலுக்கும் தடையில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

குக்கர். வீட்டிலிருந்த அலுமினியக் குக்கரை எடுத்து வைத்திருந்தாள். விடுதி அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அது சூடேறாது. அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர் குக்கர் ஒன்றும், கூடுதலாக இரண்டு கேஸ்கட்டும் காரைக்குடியில் வாங்கினோம். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அந்தச் சாக்கெட்டில் நுழையாது. அடாப்டர் இரண்டு போதும். போர்வை, வாளி, ஹேங்கர் எதுவும் வேண்டாம், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

பண விஷயம். விசாவுக்காகச் சித்தப்பா 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டிருக்கிறார். அதிலிருந்து மாதம் 992 யூரோ அவள் கைக்கு வரும். "நம்ம பணத்தை நமக்கே மாசாமாசம் அளந்து கொடுப்பானா?" என்று அப்பத்தா. ஆமாம், அதுதான் ஏற்பாடு. ஆனால் அங்கே வங்கிக் கணக்கு தொடங்கி அந்த விவரத்தைக் கொடுத்த பிறகுதான் முதல் தவணை வரும். அதனால் முதல் மாதச் செலவுக்கும் வாடகை முன்பணத்துக்கும் தனியாகப் பணம் வைத்துக்கொள்ள வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பத்தா உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறந்து தன் மாமனாரின் பேரேட்டைக் கொண்டுவந்தது. பர்மாவில், மோல்மீனில் இருந்த வட்டிக்கடையின் கணக்கு. அவர் கடைநிலைப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகத் திரும்பியவர். வெற்றிலை வாங்கிய காசுகூட விடாமல் எழுதியிருக்கிறார். தங்கச்சி ஒரு பக்கம் புரட்டிவிட்டு, "அண்ணே, செலவுக் கணக்குக்கு ஆப் இருக்கு" என்றாள். இருக்கட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்னும் அறை கிடைக்கவில்லை. நேற்று ஒரு விளம்பரத்தைக் காட்டினாள்: நகரத்தின் நடுவே, பால்கனியோடு, 350 யூரோ. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம்.

எனக்கு வயிறு கலங்கியது. முதல் வருஷம் இதே கதையை நம்பி 600 யூரோ விட்டவன் நான். சாவியும் வரவில்லை, ஆளும் இல்லை. வீட்டில் இதுவரை யாருக்கும் தெரியாது, இன்றுதான் இவளிடம் சொன்னேன். நேரிலோ வீடியோவிலோ அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் வாங்காமல் காசு அனுப்பாதே. முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. விளம்பரத்தில் 'கால்ட்' என்றிருந்தால் வெறும் வாடகை. 'வார்ம்' என்றால் சூடேற்றும் செலவும் சேர்ந்தது. மாணவர் விடுதிக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவை, நடுவில் வேறு இடம் கிடைத்தாலும் பெயரை எடுத்துவிடாதே.

அந்தக் காலத்தில் பினாங்கு, சிங்கப்பூர் போனவர்களுக்கு இறங்கியதும் கிட்டங்கி இருந்தது. ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள், சாப்பாடு, படுக்கை, ஊர்ச்சேதி எல்லாம். இவளுக்கு வாட்ஸாப் குழுதான் கிட்டங்கி. ராத்திரி அதில் கேட்டாள். சீனியர் பெண் ஒருத்தி ஒரு மாதம் தன்னோடு தங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று முழுக்கக் காகிதம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்குப் பெயர் ஆன்மெல்டுங். வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது. தற்காலிக இடமானாலும் அந்தத் தாள் தருவார்களா என்று முதலிலேயே கேள் என்றேன். கேட்டாள், தருகிறார்களாம். விசா முடிவதற்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அதைத் தரும் அலுவலகத்தில் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு, போய்ச் சேர்ந்த வாரமே எழுதிப் போடு.

அப்புறம் தபால் பெட்டி. கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடும் ஊர் இல்லை அது. பெட்டியில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. நான் இனிஷியலோடு சுருக்கி ஒட்டியிருந்தேன். வங்கி அனுப்பிய ரகசிய எண் வந்த வழியே திரும்பிவிட்டது. மூன்று வாரம் கார்டு இருந்தும் காசில்லை.

வானொலிக் கட்டணம் என்று ஒரு கடிதமும் வரும், மோசடி போலத் தெரியும். மோசடி இல்லை. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு கொடுக்கலாம்.

பகுதிநேர வேலை வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். முதல் பருவத்தில் வேண்டாமே என்பது என் கட்சி. சித்தப்பாவுக்கு அதில் உடன்பாடு. அவளுக்கு இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் ரயிலில் ஏற்றிவிட்டோம், சித்தப்பா சென்னை வரை துணைக்குப் போகிறார். பெட்டி 22.8 கிலோ. அப்பத்தா வாசலோடு நின்றுவிட்டது. ஸ்டேஷனுக்கு வந்தால் அழுதுவிடுமாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மதியம் போன். நேற்று போய்ச் சேர்ந்துவிட்டாள். சீனியர் பெண் ஊருக்குப் போயிருக்கிறாள், சாவி பக்கத்து அறையில் இருந்ததாம்.

"அண்ணே, கடை ஒண்ணுகூடத் திறக்கலையே. ஊர்ல ஏதும் பிரச்சினையா?"

ஞாயிறு முழுக்கக் கடையடைப்பு, பெரிய ரயில் நிலையம் மாதிரி சில இடங்களில் மட்டும் கடை திறந்திருக்கும், சனிக்கிழமையே அரிசி பால் வாங்கிவை என்று நான் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினாள்.

"இப்ப என்ன சாப்பிட்ட?"

"சீடை. டின்ல பாதி காலி."

அப்பத்தாவிடம் போனைக் கொடுத்தேன்.